செயின் கவரில் கசிந்த ஆயிலும் வாரண்டிக்காக நான் அலைந்த நான்கு மாதமும்

2024 ஏப்ரலில் ஒரு காலை, வாசல் தெளிக்கப் போனபோது கார் நிற்கும் இடத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு தெரிந்தது. ஏ.சி. தண்ணீராக இருக்கும் என்று விளக்குமாற்றால் தேய்த்தேன். போகவில்லை, இன்னும் பரவியது. விரலால் தொட்டால் வழுவழுவென்று இருந்தது, மோந்து பார்த்தால் கருகின ஆயில் வாடை. அன்றைக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டதால் மேலே ஒரு பழைய சாக்கைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். அந்தப் பொட்டு அடுத்த நான்கு மாதம் என் தூக்கத்தைக் கெடுக்கும், 17,000 ரூபாய்க்கு மேல் செலவு வைக்கும், வருடத்துக்கு இருக்கும் 12 நாள் தற்செயல் விடுப்பில் 8 நாளை விழுங்கும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நான் இருப்பது திண்டுக்கல். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும் பத்தாவது படிக்கும் மகனும் மாமியாரும். மாமியாருக்குக் கண் சிகிச்சை, மாதம் இரண்டு முறை மதுரைக்குக் கூட்டிப்போக வேண்டும், அதற்காகவே 2021 ஆகஸ்டில் பதினொரு லட்சத்துக்கும் மேல் போட்டு அந்த டீசல் காரை வாங்கினோம். எந்த கம்பெனி, எந்த ஷோரூம் என்று நான் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இது எந்த கம்பெனி வண்டிக்கும் நடக்கக்கூடியது. வாரண்டி மூன்று வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. வண்டி அப்போது ஓடியிருந்தது 38,000 தான். ஆனால் தேதிக் கணக்கில் 2024 ஆகஸ்ட் 18-ஆம் தேதியோடு முடிகிறது. கிலோமீட்டர் பாக்கி இருக்கிறதே என்று மெத்தனமாக இருந்தேன், தேதியைப் பற்றி யோசிக்கவே இல்லை. உங்கள் வண்டியின் வாரண்டி என்றைக்கு முடிகிறது என்று உங்களுக்குச் சட்டென்று சொல்லத் தெரியாவிட்டால், இதைப் படித்து முடித்ததும் புத்தகத்தை எடுத்துப் பார்த்து ஃபோனில் நான்கு மாதம் முன்னதாக ஒரு நினைவூட்டல் போட்டு வைத்துவிடுங்கள்.

ஏப்ரல் கடைசியில் மதுரையில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்கு வண்டியை எடுத்துப் போனேன். அட்வைசர் முதலில் கேட்டது, "சார் வரலையா மேடம்?" என்று. சார் வெளிநாட்டில் இருக்கிறார் என்றேன். தலையாட்டிவிட்டு வண்டியை லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "லேசா வேர்வை மேடம், டீசல் வண்டின்னா இப்படித்தான் இருக்கும். ஆயில் லைட் எரிஞ்சா மட்டும் கூப்பிடுங்க, அதுவரை பயப்பட ஒண்ணுமில்லை" என்றார். அடியில் தண்ணீர் அடித்துக் கழுவி, குறைந்த ஆயிலை ஊற்றி, 640 ரூபாய் பில் கொடுத்தார்கள். எனக்கும் நிம்மதியாக இருந்தது, உண்மையைச் சொன்னால் அந்த நிம்மதிக்காகத்தான் போனேன், அதனால் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அங்கே இரண்டு தப்பு செய்தேன், இரண்டும் பின்னால் கடித்தன.

முதலாவது அந்த ஆயில் லைட் விஷயம். டாஷ்போர்டில் இருக்கும் சிவப்பு எண்ணெய்ச் சொம்பு விளக்கு பெரும்பாலான வண்டிகளில் ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. அது எரிகிறது என்றால் இன்ஜினுக்குள் ஆயில் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம், அந்த நிமிடமே வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி அணைக்க வேண்டும், அடுத்த பங்க் வரைக்கும் ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தால் இன்ஜின் பேரிங் போய்விடும். ஆக லைட் எரியும்வரை காத்திருங்கள் என்று சொல்வது, காய்ச்சல் வலிப்பு வரை போகட்டும், அப்புறம் டாக்டரிடம் போகலாம் என்று சொல்வது போலத்தான். பார்க்க வேண்டியது டிப்ஸ்டிக், அதாவது இன்ஜினில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் கம்பி. சமதரையில் நிறுத்தி, அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, ஒரு முறை துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தால் இரண்டு கோட்டுக்கு நடுவில் எங்கே நிற்கிறது என்று தெரியும். பல கார்களில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் சுமார் ஒரு லிட்டர்தான் வித்தியாசம். அதற்குப் பிறகு நான் வாரம் ஒரு முறை பார்த்து, கிலோமீட்டரோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். மகன் பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துக் காருக்கு அடியில் விரித்து, நாலு மூலையிலும் சக்கரம் நிற்கும் இடத்தைக் குறித்து வைத்தான். எந்தப் பக்கம் சொட்டுகிறது, ஒரு ராத்திரிக்கு எத்தனை சொட்டு என்பது அந்த அட்டையில் தெளிவாகத் தெரிந்தது. அதைத் தேதி போட்டுப் படம் எடுத்து வைத்ததுதான் கடைசியில் எனக்குக் கை கொடுத்தது.

இரண்டாவது தப்பு ஜாப் கார்டு. வண்டியை உள்ளே விடும்போது நம்மிடம் கையெழுத்து வாங்குவார்களே, அதில் "ஜெனரல் செக்கப், அண்டர்பாடி வாஷ்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். ஆயில் கசிவு என்ற சொல்லே அதில் இல்லை. நான் வாயால் சொன்னேன், அவரும் காதால் கேட்டார், காகிதத்தில் வரவில்லை. வாரண்டி விவகாரத்தில் காகிதத்தில் இல்லாதது நடக்காதது. ஜூலை மாதம் "நீங்க இதுக்கு முன்னாடி லீக்கேஜ்னு கம்ப்ளெயின்ட் கொடுத்ததா ஹிஸ்டரியில இல்லையே மேடம்" என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

மே மாதக் கடைசியில் மாமியாரைக் கூட்டிக்கொண்டு மதுரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். இரவு எட்டு மணி இருக்கும், வாடிப்பட்டி தாண்டியதும் ஏ.சி. வழியாக ஏதோ கருகும் வாடை. முன்னால் போகிற லாரியின் பிரேக் என்று முதலில் நினைத்தேன், லாரி விலகிப் போனபிறகும் வாடை போகவில்லை, அப்புறம் பானட் ஓரத்தில் லேசாகப் புகை. நான்குவழிச்சாலை ஓரத்தில் நிறுத்தி, எண்பது வயதை நெருங்கும் அவரைக் கீழே இறக்கி, பானட்டைத் திறக்கலாமா கூடாதா என்று கூடத் தெரியாமல் இருட்டில் நின்ற அந்த இருபது நிமிடத்தை என்னால் மறக்க முடியாது. கணவருக்கு ஃபோன் போட்டால் அவரால் அங்கிருந்து என்ன செய்ய முடியும், பதறினார், அவ்வளவுதான். புகை அடங்கியபின் மெதுவாக ஓட்டி வீடு வந்து சேர்ந்தேன். கசிந்த ஆயில் காற்றில் அடித்துக்கொண்டு போய்ச் சூடான புகைபோக்கிக் குழாயின் மேல் விழுந்து கருகியதுதான் அது. கசிவு சின்னதாக இருந்தாலும் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துத் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. "வேர்வைதான்" என்று யாராவது சொன்னால், வாடை வருகிறதா என்று நீங்களே கவனியுங்கள்.

ஜூன் முதல் வாரம் மறுபடி போனேன். இந்த முறை "டிரெயின் போல்ட் வாஷர் போயிருக்கு" என்றார்கள், ஆயிலை இறக்கிவிடும் போல்ட்டுக்கு அடியில் இருக்கும் வளையம் அது. வாஷரை மாற்றினால் ஆயிலை இறக்க வேண்டும், இறக்கினால் புது ஆயில், ஃபில்டர், மொத்தம் 5,870 ரூபாய். சர்வீஸுக்கு இன்னும் 4,000 கிலோமீட்டர் இருக்கும்போதே ஆயில் மாற்றினேன். ஐந்தாவது நாள் அட்டையில் மறுபடி சொட்டு, அதே இடத்தில்.

எங்கள் தெருமுனையில் சின்னதாக கராஜ் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், அவரிடம் படித்த பையன்களைத்தான் பெரிய ஷோரூம்களே வேலைக்கு எடுக்கும், அப்படி ஒரு கை. அவரிடம் போய் நின்றேன். அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா, எதையும் கழற்றாமல் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் காட்டினார். "டீச்சர், ஆயில் கசியிற இடம் ஒண்ணு, சொட்டுற இடம் ஒண்ணு. மேல எங்கேயோ கசிஞ்சு, வழிஞ்சு, இந்தத் தட்டுல தேங்கி, ஓட்டை இருக்கிற பக்கம் சொட்டும். சொட்டுற இடத்துக்கு மேல என்ன இருக்குன்னு பார்த்து மாத்தினா தப்பாத்தான் போகும்" என்றார். தட்டைக் கழற்றி, இன்ஜினின் முன்பக்கத்தை எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டிகிரீஸர் போட்டுச் சுத்தமாகத் துடைத்து, காய விட்டு, முகத்துக்குப் போடும் சாதாரண டால்கம் பவுடரைத் தூவினார். வத்தலக்குண்டு வரை ஒரு சுற்று போய் வரச் சொன்னார். திரும்பி வந்து பார்த்தால் வெள்ளைப் பவுடரில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு கறுப்புக் கோடு, கண்ணீர் வழிந்த மாதிரி. அது ஆரம்பித்த இடம் செயின் கவரின், அதாவது இன்ஜினுக்குள் ஓடும் செயினை முன்பக்கம் மூடியிருக்கும் மூடியின், மேல்பக்கம். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டும் நடுப்பகுதியான பிளாக்கும் கவரும் ஒன்றாகச் சேரும் மூலை. சர்வீஸ் சென்டர்களில் இதற்குப் புற ஊதா வெளிச்சத்தில் மின்னும் சாயத்தை ஆயிலில் கலந்து பார்க்கும் வசதி இருக்கிறது, கேட்டால்தான் செய்வார்கள்.

சரி, இதை நீங்களே சரி செய்துவிடுங்கள் அண்ணே என்றேன். கையைக் கூப்பிவிட்டார். "வாரண்டியில இருக்கிற வண்டி. நான் ஒரு போல்ட்ல சாவி வச்சாலும் அந்தத் தழும்பைக் காட்டி வெளிய கை வச்சிட்டீங்கன்னு சொல்லிடுவாங்க. படம் எடுத்துக்குங்க, அவங்களையே செய்ய வைங்க" என்றார். கூலி என்று அவர் வாங்கிக்கொண்டது, டிகிரீஸருக்கும் சேர்த்து 500 ரூபாய். அந்த அறிவுரைக்கு நான் ஆயிரக்கணக்கில் கொடுத்திருக்கலாம்.

அன்றைக்கு அரைமணி நேரம் அவர் சொன்னதை இங்கே எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என்னால் சர்வீஸ் சென்டரில் நிமிர்ந்து பேச முடிந்தது. பழைய இன்ஜின்களில் இரண்டு இரும்புப் பகுதி சேரும் இடத்தில் காகிதத்திலோ கார்க்கிலோ வெட்டிய பேக்கிங் வைப்பார்கள், செல்லாக் தடவுவார்கள். இப்போது வரும் இன்ஜின்களில் செயின் கவர், அடியில் ஆயில் தேங்கும் ஆயில் சேம்பர் மாதிரியான பல இடங்களில் பேக்கிங்கே கிடையாது. பற்பசை மாதிரி இருக்கும் சிலிக்கான் சீலன்டைக் கோடாகப் பிதுக்கிவிட்டு மூடிவிடுகிறார்கள், மெக்கானிக்குகள் எந்த கம்பெனிப் பொருளானாலும் அதை அனபாண்ட் என்றே சொல்கிறார்கள். அது காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டு ஓரத்திலிருந்து உள்பக்கமாக மெல்ல ரப்பராக மாறும். மேலே ஆடை கட்டுவதற்குச் சில நிமிடம் போதும், அதற்குள் கவரை மாட்டிவிட வேண்டும், ஆனால் முழு பலம் வர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், பொருளுக்குப் பொருள் மாறும், டியூபிலேயே எழுதியிருக்கும். பழைய சிலிக்கான் துளிகூட மிச்சம் இருக்கக் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. அதே சமயம் அலுமினிய முகப்பை இரும்புத் தகடால் சுரண்டிக் கீறிவிட்டால் அந்தக் கீறல் வழியாகவே கசியும். கோடு எங்கும் அறுபடக் கூடாது. மூன்று பகுதிகள் சேரும் மூலையில் கூடுதலாக ஒரு பொட்டு வைக்க வேண்டும், பெரும்பாலும் கசிவது அங்கேதான். அளவுக்கு மேல் அப்பினால் அதுவும் ஆபத்து, உள்பக்கம் பிதுங்கிய துணுக்கு அறுந்து விழுந்து ஆயிலை உறிஞ்சும் ஜல்லடையில் போய் அடைக்கும், அப்படி அடைத்தால் அந்தச் சிவப்பு விளக்கு எரியும். "இட்லித் தட்டுல மாவு ஊத்தின கையோட எடுத்தா வருமா டீச்சர்? அது மாதிரிதான், நேரம் கொடுக்கணும்" என்றார்.

ஜூலை 6-ஆம் தேதி சனிக்கிழமை, இந்தப் படங்களையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு மூன்றாவது முறை போனேன். இந்த முறை ஜாப் கார்டில் நான் சொல்வதை எழுதாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அட்வைசரின் முகம் மாறியது, இருந்தாலும் எழுதினார். லிஃப்டில் ஏற்றிப் பார்த்து அவர்களும் செயின் கவர் சீலன்ட் கசிவுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். வேலை பெரியது, முன்பக்கம் மவுன்டிங், புல்லி எல்லாம் கழற்ற வேண்டும், கம்பெனியிலிருந்து வாரண்டி அனுமதி வர வேண்டும் என்றார்கள். பதின்மூன்று நாள் காத்திருந்தேன். ஜூலை 19 அன்று ஃபோன் வந்தது. "30,000 கிலோமீட்டர் சர்வீஸை 1,400 கிலோமீட்டர் லேட்டா விட்டிருக்கீங்க மேடம், அதனால ரிஜெக்ட் ஆயிடுச்சு. காசு கொடுத்துச் செய்யறதுன்னா 22,000 வரும்."

அந்த சர்வீஸ் தாமதமானது உண்மை. மாமியாருக்கு அப்போது கண் அறுவை சிகிச்சை, வண்டியை விட நேரமே கிடைக்கவில்லை. அன்று இரவு முழுக்க எல்லாம் என் தப்புதான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில்தான் புத்தி வந்தது. ஆயில் லேட்டாக மாற்றினால் இன்ஜினின் உள்பாகம் தேயலாம், ஆனால் தொழிற்சாலையில் பிதுக்கிய சிலிக்கான் ஒரு மூலையில் விட்டுப்போவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? வாரண்டி புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பராமரிப்புக் குறைவால் "ஏற்பட்ட" பழுதுக்கு வாரண்டி இல்லை என்றுதான் என் புத்தகத்தில் இருந்தது. பராமரிப்பு குறைந்தால் எந்தப் பழுதுக்கும் வாரண்டி இல்லை என்று இல்லை. இரண்டுக்கும் எவ்வளவு தூரம். நம்மில் பலர் அந்தப் புத்தகத்தை டாஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே விட்டுவிடுகிறோம், நானும் அதுவரை அப்படித்தான் வைத்திருந்தேன்.

அட்வைசரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். நிராகரித்ததையும் காரணத்தையும் எழுத்தில் கொடுங்கள், தாமதமான சர்வீஸால் இந்தக் கசிவு எப்படி வந்தது என்பதையும் அதில் எழுதுங்கள் என்று. "ரைட்டிங்ல எல்லாம் தர மாட்டாங்க மேடம்" என்றார். அப்படியானால் நான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு, கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கும் டீலரின் ஒர்க்ஸ் மேனேஜருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் போட்டேன். அதில் கோபம் எதுவும் இல்லை, தேதி, கிலோமீட்டர், பில் எண், டிப்ஸ்டிக் கணக்கு, பவுடர் படம், நிராகரித்த ஃபோன் வந்த நேரம், அவ்வளவுதான். ஐந்து நாளில் பதில் வராததால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்தேன். தமிழிலேயே பேச முடிந்தது. ஒரு எண் கொடுத்தார்கள். அந்த எண்ணையும் போட்டு இரண்டாவது மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஏரியா மேனேஜர் என்று ஒருவர் கூப்பிட்டார், வண்டியை நேரில் வந்து பார்த்தார், ஆகஸ்ட் 1 அன்று அனுமதி வந்துவிட்டது.

அது வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாகத்தான் இருந்தேன், அதற்காக விசாரித்ததையும் சொல்லிவிடுகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. பிரச்சனை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கட்டணம் நாம் கொடுத்த விலையைப் பொறுத்தது, 5 லட்சம் வரை ஒன்றுமில்லை, என் வண்டி மாதிரி 10 முதல் 20 லட்சத்துக்குள் இருந்தால் 400 ரூபாய். வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம்.

இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஆகஸ்ட் 5 வண்டியை விட்டேன், 7-ஆம் தேதி புதன்கிழமை மாலை ரெடி என்றார்கள். பஸ்ஸில் போய் எடுத்து வந்தேன். பில்லில் ஆயில், கூலன்ட் என்று 6,900 ரூபாய் போட்டிருந்தார்கள். வாரண்டி வேலைக்காகக் கழற்றும்போது வீணாகும் ஆயிலும் கூலன்ட்டும் வாரண்டியிலேயே சேரும் என்று என் புத்தகத்தில் அச்சிட்டிருந்ததைக் காட்டியதும் அதை எடுத்துவிட்டார்கள். ஆயிலில் ஊறிப்போன ஃபேன் பெல்ட்டை மட்டும் "தேய்மானப் பொருள்" என்று கூலியோடு 2,430 ரூபாய் வாங்கிவிட்டார்கள். உங்கள் கசிவால்தானே அது கெட்டது என்று எவ்வளவோ வாதாடினேன், அந்த இடத்தில் தோற்றேன். இன்னும் எனக்கு அதில் ஆற்றாமை உண்டு.

ஆகஸ்ட் 15, பள்ளியில் கொடியேற்றிவிட்டு வீட்டுக்கு வந்து காரை நிறுத்தினேன். மாலையில் பார்த்தால் அட்டையில் மூன்று சொட்டு. உடம்பெல்லாம் நடுங்கியது. வாரண்டி முடிய மூன்று நாள். மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு நேராகப் போய் நின்றேன். லிஃப்ட் காலி இல்லை, செவ்வாய்க்கிழமை கொண்டு வாருங்கள் என்றார்கள். செவ்வாய் என்றால் 20-ஆம் தேதி. வண்டியை எப்போது வேண்டுமானாலும் பாருங்கள், ஜாப் கார்டை மட்டும் இன்றைய தேதியில் போடுங்கள் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மதியம் இரண்டரைக்குப் போட்டுக் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 16 என்று அச்சாகியிருந்த அந்த ஒரு தாள் இல்லையென்றால் அடுத்த வாரம் நான் வெளியாள். வாரண்டி முடியும் முன்பு பதிவான புகாரை வாரண்டிக்குள் வந்ததாகவே எடுத்துக்கொள்வதாக மின்னஞ்சலிலும் உறுதி வாங்கிக்கொண்டேன்.

அந்த முறைதான் விசாரித்தேன், முதல் தடவை எப்படிச் செய்தீர்கள் என்று. ஃப்ளோர் சூப்பர்வைசர் நல்ல மனிதர், மறைக்கவில்லை. புதன்கிழமை மதியம் கவரை மாட்டி, மூன்று மணிக்கு ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் செய்து பார்த்து, ஆறு மணிக்கு என் கையில் கொடுத்திருக்கிறார்கள். ரப்பராக மாறாத சீலன்ட்டோடு அறுபது கிலோமீட்டர் ஓட்டி வந்திருக்கிறேன். டெலிவரி எப்போது, எப்போது என்று நானும்தான் தினம் இரண்டு முறை ஃபோன் செய்து நச்சரித்தேன். அப்படி அவசரப்படுத்தாதீர்கள். ஒரு நாள் கூடுதலாக அங்கேயே நிற்கட்டும்.

மறுபடி கழற்றும்போது மூன்று விஷயம் கேட்டேன், பழைய சிலிக்கானை எடுத்த பிறகும் புதுக்கோடு போட்ட பிறகும் படம், ஆயில் சேம்பரை இறக்கி ஜல்லடையைச் சுத்தம் செய்வது, மாட்டிய பிறகு முழுதாக 24 மணி நேரம் ஆயில் ஊற்றாமல் விடுவது. மூன்றுக்கும் ஒத்துக்கொண்டார்கள். கவரைக் கழற்றியதும் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில், முதல் தடவை போட்ட கோடு அந்த மேல்மூலையில் அரை விரற்கடை விட்டுப்போயிருந்ததும், ஜல்லடையில் கறுப்பாகச் சின்னச் சின்னத் துணுக்குகள் ஒட்டியிருந்ததும் தெரிந்தது. அதைப் பார்த்தபோது கோபத்தைவிடப் பயம்தான் வந்தது, இதை நான் கேட்காமல் விட்டிருந்தால் அந்தத் துணுக்குகள் உள்ளேயே கிடந்திருக்கும். ஆகஸ்ட் 24 வண்டி வந்தது. செய்த வேலைக்கு ஆறு மாதம் அல்லது 10,000 கிலோமீட்டர் பொறுப்பு என்று பில்லிலேயே எழுதி வாங்கினேன்.

கழுவலும் ஆயிலும் பெல்ட்டும் தெருமுனை அண்ணனுக்குக் கொடுத்ததும் சேர்ந்து 9,440. வண்டி இல்லாத நாட்களில் மாமியாரை டாக்ஸியில் கூட்டிப்போனதும் என் பஸ் அலைச்சலும் 7,800. மொத்தம் 17,240 ரூபாய். அதன் பிறகு 6,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டேன், அட்டை காய்ந்தே இருக்கிறது, டிப்ஸ்டிக் மேல்கோட்டை விட்டு இறங்கவில்லை.

ஜாப் கார்டில் என்ன எழுதச் சொல்வது என்று பலருக்கும் தெரிவதில்லை, ஜூலையில் நான் எழுதச் சொன்னதை அப்படியே கீழே தருகிறேன், உங்கள் வண்டிக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். பிரதியைக் கையில் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

"இன்ஜின் முன்பக்கம் செயின் கவர் மேல்மூலையிலிருந்து ஆயில் கசிகிறது. முதலில் சொன்னது ஏப்ரல் 2024, 38,000 கி.மீ. ஜூன் மாதம் வாஷர் மாற்றியும் நிற்கவில்லை. கருகும் வாடையும் புகையும் ஒரு முறை வந்தது. 1,000 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 200 மி.லி. ஆயில் குறைகிறது. படங்கள் இணைத்துள்ளேன். கசியும் இடத்தைக் கண்டறிந்து வாரண்டியில் சரிசெய்து தரவும்."